எண்ணெய்க்கேற்ற எஞ்சின் கண்ட ருடால்ப் டீசல்

சங்கத்தின் ஆண்டு மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் நம்மைப் பணித்தனர். புலவர்தம் வரலாற்றையும் அடியார்தம் வரலாற்றையும் சுவைபட எழுத வல்லார் நம் சங்கத்தில் பலர் உளர். நாமோ இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கெழுதும் குமாஸ்தா. மெட்ரிகுலேஷனோடு ஏட்டுக் கல்வி முற்றுப்பெற்றவர். ஆகையால் நம் துறையை ஒட்டியே ஒருவரைத் தெரிந்தெடுத்தோம். அவர் பெயரை லாரிக்காரரும் சொல்வர், உழவரும் சொல்வர், ரயிலடியில் வேடிக்கை பார்த்து நிற்கும் சிறுவனும் சொல்வான். ஆயினும் அஃது ஒரு மனிதரின் பெயர் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. டீசல் என்பது முதலில் எண்ணெயின் பெயரன்று. ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளரின் குடும்பப் பெயர் அது. அவர் கண்ட எஞ்சினுக்கு அப்பெயர் வழங்கலாயிற்று; எஞ்சினிலிருந்து அஃது எண்ணெய்க்கும் சென்றது.

கடலையெண்ணெயில் ஓடிய எஞ்சின்

வரலாற்றினுட் புகுமுன் நம் சொந்த அநுபவம் ஒன்றைக் கூற அன்பர்கள் இடந்தர வேண்டும். நாம் பிறந்த ஊர், பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தில் மல்லாட்டை விளையும் செம்மண் பூமி. எங்கள் கிணற்று மேட்டில் ஓர் ஆயில் எஞ்சின் இருந்தது. அதற்கு ஊற்றும் டீசலை எங்கள் பக்கத்தார் குருடாயில் என்றே வழங்குவர். 1990-ஆம் ஆண்டில் வளைகுடா நாடுகளில் நெருக்கடி மூண்டபோது குருடாயிலுக்குத் தட்டுப்பாடு வந்தது. கிணற்றில் தண்ணீர் இருந்தும் பயிர் வாடிற்று. வீட்டிலோ, செக்கில் ஆட்டி வைத்துக் காறலேறி விலைபோகாத கடலையெண்ணெய் இரண்டு டின் கிடந்தது. தந்தையார் வேறு வழியின்றி அதனை எஞ்சினில் ஊற்றினார்.

ஊரார் நகைத்தனர். ஆனால் எஞ்சின் ஓடியது. வயல்வெளியெங்கும் பலகாரம் சுடும் மணம் பரவிற்று. ஐந்தாறு நாள் தண்ணீர் பாய்ந்தது. அதன்பின் கரும்புகை தள்ளிற்று. பின்னர் எஞ்சின் அடியோடு நின்றுவிட்டது. பக்கத்து டவுனிலிருந்து பிட்டர் ஒருவர் வந்து, எண்ணெயைப் பீச்சும் நாசிலைக் கழற்றிக் காட்டினார். அதன் நுனியில் கரியும் பிசினும் கட்டியாக அடைத்திருந்தன. தந்தையார் எண்ணெயைக் குறை கூறினார். ஊரார் எஞ்சினைக் குறை கூறினர். பிட்டரோ இரண்டையும் குறை கூறவில்லை. எண்ணெய் கெட்டியானது, எஞ்சினோ இலேசான எண்ணெய்க்கென்று சீர் செய்யப்பட்டது, இரண்டையும் ஒன்றுக்கொன்று பொருத்தாமல் ஓட்டியதே பிழை என்றார். முதலில் குருடாயிலில் கிளப்பி, எஞ்சின் சூடேறிய பிறகு, காய்ச்சி இளக்கிய கடலையெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துமுன் மறுபடி குருடாயிலில் சிறிது நேரம் ஓட்டி நாசிலைக் கழுவிவிட வேண்டும் என்று வழியும் சொன்னார். அவர் சொல்லியபடி செய்து பயிரிற் பாதியைக் காப்பாற்றினோம்; மறுபாதி அதற்குள் காய்ந்துவிட்டது.

பிற்காலத்தில் டீசலின் வரலாற்றைப் படித்தபோதுதான், அந்தப் பிட்டர் சொன்ன ஒரு சொல்லுக்குள் அப்பெருமகனாரின் வாழ்நாட் போராட்டம் முழுவதும் அடங்கியிருப்பதை உணர்ந்தோம்.

பிறப்பும் இளமையும்

ருடால்ப் டீசல் 1858-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 18-ஆம் நாள் பாரிஸ் மாநகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரிய நாட்டினர். பிழைப்பை நாடிப் பாரிஸில் குடியேறியவர்கள். தந்தையார் தியோடர் தோற்பொருள் செய்யும் தொழிலாளி. செல்வக் குடும்பமன்று. சிறுவன் தந்தையார் செய்த பொருள்களைக் கைவண்டியில் வைத்து வீதி வீதியாகக் கொண்டுபோய்க் கொடுத்து வருவான் என்பர். ஓய்வு கிடைத்தால் தொழிற்கலைக் காட்சிசாலையில் இருந்த பழைய நீராவி இயந்திரங்களின் முன் நின்று படம் வரைந்து கொண்டிருப்பான்.

1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிஸிலிருந்த ஜெர்மானியர் அனைவரும் நகரை விட்டு வெளியேற நேர்ந்தது. பிழைக்க வந்த ஊரைத் தன் ஊராக எண்ணியிருந்த அக்குடும்பம், ஒரே நாளில் அந்நியராகி, லண்டனுக்கு ஓடியது. அங்கும் வறுமை. பன்னிரண்டு வயதுச் சிறுவனைத் தாயார் ஜெர்மனியிலுள்ள ஆக்ஸ்பர்க் நகருக்கு உறவினர் வீட்டிற்கு அனுப்பி வைத்தார். அவ்வீட்டுத் தலைவர் பார்னிக்கெல் கணித ஆசிரியர். அவர் நிழலில் சிறுவன் ஜெர்மன் மொழியில் தேர்ந்தான்; கணக்கில் முதல்வனானான்; எஞ்சினியராவதே தன் குறிக்கோள் என்று உறுதி கொண்டான். பிறந்த மண் ஒன்று, பேசிய மொழி ஒன்று, வளர்ந்த இடம் மற்றொன்று என்னும் நிலை புலம்பெயர்ந்து வாழும் நமக்குப் புதிதன்று.

மாணவப் பருவம்

1875-இல் உதவித்தொகை பெற்று, மூனிச் நகரத் தொழில் நுட்பக் கல்லூரியிற் சேர்ந்தார். குளிர் சாதனத் துறையின் முன்னோடியான கார்ல் லிண்டே என்பார் அங்கே பேராசிரியர். வெப்பத்தை வேலையாக மாற்றும் முறை பற்றி அவர் பாடம் நடத்திய ஒரு வகுப்பே டீசலின் வாழ்க்கையைத் திருப்பிற்று. நீராவி இயந்திரத்தின் உலையிற் போடும் நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்களவே வேலையாக மாறுகிறது, எஞ்சியது வீணாகிறது என்று லிண்டே விளக்கினார். மாணவர் டீசல் தம் குறிப்பேட்டின் ஓரத்தில், இந்த வீணைத் தவிர்க்க வழி காண முடியுமா என ஆராய வேண்டும் என்று குறித்து வைத்தார். அக்குறிப்பு அவரைப் பதினைந்து ஆண்டுகள் உறங்கவிடவில்லை.

டைபாய்டு காய்ச்சலால் இறுதித் தேர்வை உரிய காலத்தில் எழுத முடியாமற் போயிற்று. இடையில் சுவிட்சர்லாந்தில் ஸூல்ஸர் தொழிற்சாலையில் பட்டறை அநுபவம் பெற்று, 1880-இல் மிகச் சிறந்த முறையில் தேறினார். பின்னர் லிண்டேயின் பனிக்கட்டித் தொழிற்சாலையில் பணியேற்று, மீண்டும் பாரிஸ் சென்றார். 1883-இல் மார்த்தா என்னும் நங்கையை மணந்தார். மூன்று மக்கள் பிறந்தனர். அம்மோனியா ஆவியால் ஓடும் எஞ்சின் ஒன்றைச் சோதித்தபோது அது வெடித்து, அவர் பல திங்கள் மருத்துவமனையிற் கிடந்தார். அம்முயற்சி கைவிடப்பட்டது, தேடல் கைவிடப்படவில்லை.

தீப்பொறியில்லாத் தீ

டீசல் கண்ட முறையின் நுட்பத்தை எளிதிற் கூறுவாம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு, சிறிது நேரம் அடித்ததும் அடிப்பகுதியில் சுடுவதை அனைவரும் அறிவோம். காற்றை நெருக்கினால் அது சூடாகும். மலாய் நாட்டுப் பழங்குடி மக்கள், சிறு குழாய்க்குள் தண்டை வேகமாக அடித்துக் காற்றை நெருக்கிப் பஞ்சில் தீ மூட்டும் கருவி ஒன்றை நெடுங்காலமாகக் கையாண்டு வந்தனர். டீசல் இந்த உண்மையையே எஞ்சினுக்குள் கொண்டுவந்தார்.

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் முன்னரே கலந்து சிலிண்டர் என்னும் உருளைக்குள் சென்று, மின்பொறியால் பற்றிக்கொள்கின்றன. அக்கலவையை அளவுக்கு மீறி நெருக்க இயலாது. பொறி விழுமுன் தானே வெடித்து எஞ்சினைத் தட்டும். டீசலின் எஞ்சினிலோ முதலில் காற்று மட்டுமே உள்ளே செல்லும். பிஸ்டன் அதனைப் பதினைந்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்னும் அளவுக்கு நெருக்கும். காற்று ஐந்நூறு பாகை சென்டிகிரேடுக்கு மேல் சூடேறும். அந்தக் கணத்தில் எண்ணெயை மெல்லிய பனிபோற் பீச்சினால் அது தானே எரியும். மின்பொறி வேண்டுவதில்லை. நெருக்கம் மிகுதியாதலால் அதே எண்ணெயிலிருந்து கிடைக்கும் வேலையும் மிகுதி.

1892-இல் இதற்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். 1893-இல் அது கிட்டியது. அவ்வாண்டே தம் கோட்பாட்டை நூலாக வெளியிட்டார். நீராவி இயந்திரத்தை ஒழித்துவிடும் எஞ்சின் என்று அதில் உரிமை கொண்டாடினார். காற்றை 250 மடங்கு வளிமண்டல அழுத்தத்திற்கு நெருக்கலாம் என்றும், மிக மலிவான நிலக்கரித் தூளையே அதில் எரிக்கலாம் என்றும் அவர் கணக்குப் போட்டிருந்தார். தாளின் மேல் எழுதியபோது அக்கணக்கிற் பிழை அவருக்குத் தோன்றவில்லை. இரும்பின் மேல்தான் பிழை தெரிந்தது.

நான்கு ஆண்டுப் போராட்டம்

ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் புகழ் வாய்ந்த குருப் தொழிற்சாலையும் அவருக்குத் துணை நின்றன. 1893 ஆகஸ்டு 10-ஆம் நாள் முதற்சோதனை. எண்ணெய் உள்ளே சென்ற கணமே பெரு வெடி வெடித்தது. அழுத்தத்தை அளக்கும் கருவி சிதறித் துண்டுகள் டீசலின் தலையருகே பறந்தன. மயிரிழையில் உயிர் தப்பினார். அவருக்கு அன்று வருத்தத்தினும் மகிழ்ச்சியே மிகுதி; நெருக்கிய காற்றில் எண்ணெய் தானே பற்றும் என்பது மெய்யாயிற்று. 1894 பிப்ரவரி 17-இல் எஞ்சின் முதன்முறையாகத் தன் வலியால் ஏறத்தாழ ஒரு நிமிடம் சுழன்றது.

அதன் பின்னரே உண்மைத் தொல்லை தொடங்கிற்று. எண்ணெயை மாற்றினால் எஞ்சின் மாறிற்று. இலேசான எண்ணெய் ஒருவிதமாக எரிந்தது. கனமான எண்ணெய் வேறுவிதமாக எரிந்தது. பீச்சும் திவலை பெரிதானால் பாதி எரியாமற் கரும்புகையாகியது; சிறிதானாலும் நேரம் தவறினால் வலிமை குறைந்தது. தொடங்கும்போது எரிந்த கலவை, வேகம் கூடியதும் அணைந்தது. நாசிலின் வடிவம், துளையின் அளவு, பீச்சும் தருணம், காற்றின் அழுத்தம் ஆகிய ஒவ்வொன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி மாற்றிப் பார்த்தார். இறுதியில், எஞ்சினிலுள்ள காற்றைவிட மிகுந்த அழுத்தமுடைய தனிக் காற்றைக் கொண்டு எண்ணெயை ஊதித் தள்ளும் முறையே வெற்றி தந்தது.

நிலக்கரித் தூளைப் பற்றிய கனவு நிறைவேறவில்லை. தூள் எரியாமலில்லை, ஆனால் அதன் சாம்பல் அரம்போலச் சிலிண்டரைத் தேய்த்துவிடும். 250 மடங்கு அழுத்தம் என்ற கணக்கையும் அவர் விட்டுக்கொடுத்தார்; அதில் எட்டில் ஒரு பங்களவே நடைமுறைக்கு ஒத்தது. நூலில் அச்சாகி, உலகறியத் தாமே முழங்கிய கருத்தைத் தாமே வெட்டிக் குறைப்பது எளிதன்று. கோட்பாட்டைக் காப்பதா, எஞ்சினைக் காப்பதா என்னும் நிலை வந்தபோது அவர் எஞ்சினைக் காத்தார்.

1897 பிப்ரவரியில், மூனிச் பேராசிரியர் ஷ்ரோட்டர் புதிய எஞ்சினை முறைப்படி அளந்தார். விளக்கெரிக்கும் மண்ணெண்ணெயில் அது ஓடியது. சுமார் 18 குதிரைத்திறன் தந்தது. எண்ணெயின் வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கு வேலையாக மாறிற்று. அக்கால ரயில் நீராவி எஞ்சின் நூற்றுக்கு ஆறேழு பங்கே தந்தது என்பதை நினைவிற் கொண்டால், இது எத்துணைப் பெரிய தாண்டல் என்பது விளங்கும்.

புகழும் பின்னடைவும்

வெற்றிச் செய்தி பரவியதும் பல நாட்டுத் தொழிலதிபர்கள் உரிமை கேட்டு வந்தனர். அமெரிக்க உரிமையை அடால்பஸ் புஷ் என்னும் செல்வர் பத்து லட்சம் மார்க்குக்கு வாங்கினார். ருஷ்யாவில் எம்மானுவேல் நோபெல் உரிமை பெற்று, அந்நாட்டில் மலிவாகக் கிடைத்த கனமான கச்சா எண்ணெய்க்கு ஏற்ப எஞ்சினைத் திருத்தி அமைக்கச் செய்தார். ஜெர்மனியில் மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின், ருஷ்யாவில் ருஷ்ய எண்ணெய்க்குப் பழகிற்று என்க.

ஆனால் சோதனைக் கூடத்தில் வல்லுநர் கையில் ஓடுவது வேறு. வாங்கியவர் வீட்டில் ஓடுவது வேறு. 1898-இல் கெம்ப்டன் நகரத் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குச் சென்ற முதல் விற்பனை எஞ்சினும், அடுத்துச் சென்ற சிலவும் அடிக்கடி நின்று தொல்லை கொடுத்தன. டீசல் தம் பெயரில் ஆக்ஸ்பர்க்கில் நிறுவிய தொழிற்சாலையும் நிலைக்கவில்லை. பொறாமை கொண்டோர் வழக்கு, வாங்கினோர் முறையீடு, ஓயாத உழைப்பு ஆகியவற்றால் அவர் மனமும் உடலும் நொந்து, 1898-இன் இறுதியில் மருத்துவ விடுதியிற் படுக்க நேர்ந்தது. ஆக்ஸ்பர்க் தொழிற்சாலைப் பொறியாளர்களே அவ்வாண்டுகளில் பொறுமையாக எஞ்சினைச் சீர்செய்து நிலைநாட்டினர்.

பாரிஸில் நிலக்கடலை

1900-ஆம் ஆண்டில் பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தது. பன்னிரண்டு வயதில் அந்நியனென்று துரத்தப்பட்ட அந்நகரில், டீசலின் எஞ்சினுக்கு உயர்ந்த பரிசு கிடைத்தது. அக்கண்காட்சியில் ஆட்டோ நிறுவனத்தார் வைத்திருந்த சிறு டீசல் எஞ்சின் ஒன்று, பிரெஞ்சு அரசாங்கத்தின் விருப்பப்படி, நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டது. அது வழக்கமான எண்ணெயில் ஓடுவது போலவே ஓடியதால், பார்வையாளர் பலர் வேறுபாட்டையே அறியவில்லை. ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் நிலக்கடலை ஏராளம். அங்கு நிலக்கரியும் பெட்ரோலியமும் கொண்டுசெல்லாமல் அங்கு விளைவதைக் கொண்டே எஞ்சின் ஓட்டலாமா என்று பிரெஞ்சு அரசு எண்ணிற்று.

டீசல் இதைத் தம் வாழ்வின் பிற்பகுதியில் ஆர்வத்தோடு எடுத்துக் கூறினார். தாவர எண்ணெய் இன்று அற்பமாகத் தோன்றினும் வருங்காலத்தில் பெட்ரோலியத்துக்கு நிகராகலாம் என்பதும், வெயில் உள்ள நாட்டு உழவனுக்குத் தன் நிலத்திலேயே எரிபொருள் கிடைக்கும் என்பதும் அவர் கருத்து. சமுதாயச் சீர்திருத்தம் பற்றி 1903-இல் ஒரு நூலும் எழுதியவர் அவர். பெரிய நீராவி இயந்திரம் வைக்க வசதியற்ற சிறு தொழிலாளிக்கும் சிறு எஞ்சின் கைகொடுக்க வேண்டும் என்பதே அவர் தொடக்கக்கால நோக்கமும் ஆகும். ஆனால் கண்காட்சியில் சில காலம் ஓடுவதற்கும் ஆண்டு முழுதும் ஓடுவதற்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் கிணற்று மேட்டில் நாம் கண்டோம். கடலையெண்ணெய் டீசலைவிடப் பன்மடங்கு கெட்டியானது. அதனைச் சூடாக்கியோ வேதிமுறையால் இளக்கியோதான் நாசிலுக்குப் பழக்க வேண்டும். அந்த வேதிமுறைக்கு 1937-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஷவான் என்பார் காப்புரிமை பெற்றார். இன்று பயோடீசல் என்று வழங்குவது அதுவே.

கடலில் மறைந்தார்

1912-இல் டென்மார்க்கின் ஸெலாண்டியா என்னும் கப்பல் டீசல் எஞ்சின்களின் வலியால் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை சென்றது. உலகம் வியந்தது. ஆனால் எஞ்சினைக் கண்டவரின் வீட்டிலோ கடன் சூழ்ந்திருந்தது. உரிமை விற்று வந்த பெருஞ்செல்வத்தில் மூனிச்சில் மாளிகை எழுப்பினார். மனை வியாபாரத்திலும் வேறு முதலீடுகளிலும் பணத்தைப் போட்டு இழந்தார். எஞ்சின் அளவில் வரவுக்கும் செலவுக்கும் துல்லியமாகக் கணக்குப் பார்த்தவர், தம் வாழ்க்கையளவில் அக்கணக்கைத் தவறவிட்டார். நிலைமையை வீட்டாருக்கும் சொல்லவில்லை.

1913 செப்டம்பர் 29-ஆம் நாள் மாலை, லண்டனில் நடக்கவிருந்த கூட்டத்துக்காக, ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்னும் கப்பலில் ஏறினார். உடன் வந்த நண்பர் இருவரோடு உணவருந்தி, இரவு பத்து மணியளவில் அறைக்குச் சென்றார். காலை 6.15-க்கு எழுப்பும்படி சொல்லியிருந்தார். காலையில் அறை காலியாக இருந்தது. படுக்கை கலையவில்லை. கப்பலின் பின்புறக் கைப்பிடியருகே அவருடைய தொப்பியும் மடித்து வைத்த மேலங்கியும் கிடந்தன. பத்து நாளைக்குப் பின் டச்சுப் படகொன்று கடலில் ஓர் உடலைக் கண்டது. அதன் பையிலிருந்த சிறு பொருள்களை எடுத்துக்கொண்டு, உடலைக் கடலிலேயே விட்டனர். அப்பொருள்கள் தம் தந்தையாருடையவை என்று மகன் யூஜின் அடையாளம் கூறினார். தாமே வீழ்ந்தாரா, தவறி வீழ்ந்தாரா, பிறர் தள்ளினரா என்பது இன்றளவும் தீராத வழக்கு. அவருக்கு வயது 55.

அவருக்குப் பின்

அவர் காலத்து டீசல் எஞ்சின், ஊதும் காற்றுக்குத் தனிக் கம்பிரஸர் சுமக்க வேண்டியிருந்ததால், மோட்டார் வண்டியில் ஏற முடியாத பருமனாக இருந்தது. காற்றின்றி எண்ணெயை மட்டும் பீச்சும் முறை பிறர் கையில் வளர்ந்தது. 1924-இல் டீசல் லாரிகள் வந்தன. 1927-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் துல்லியமான பம்பைத் திரளாக உற்பத்தி செய்யத் தொடங்கிற்று. 1936-இல் மெர்ஸிடிஸ் பென்ஸ் நிறுவனம் டீசல் காரை விற்பனைக்குக் கொணர்ந்தது.

நம் நாட்டில் இவ்வரலாற்றின் ஓர் அதிகாரம் நாம் வாழும் இப்புணேயிலேயே எழுதப்பட்டது. லட்சுமணராவ் கிர்லோஸ்கர் இரும்புக் கலப்பை செய்து தொடங்கிய குலத்தொழிலை, அவர் மைந்தர் சாந்தனுராவ் விரிவாக்கி, 1946-இல் கட்கியில் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின் தொழிற்சாலையைத் தோற்றுவித்தார். இந்திய உழவரின் கிணற்று மேடுகளில் டீசலின் பெயர் ஒலிக்கத் தொடங்கியதில் அத்தொழிற்சாலைக்குப் பெரும் பங்கு உண்டு. நம் ரயில்வேக்கு டீசல் எஞ்சின் செய்ய 1961-இல் வாரணாசியில் தொழிற்சாலை நிறுவப்பெற்று, 1964-இல் முதல் எஞ்சின் வெளிவந்தது. 1966-இல் மோட்டார் வண்டி ஆராய்ச்சிக்கென்று ஏ.ஆர்.ஏ.ஐ. என்னும் நிலையம் புணேயில் எழுந்தது. கோத்ரூடுக்கருகே குன்றின் மேல் அமைந்த அந்நிலையத்தில், எந்த எரிபொருளில் எந்த எஞ்சின் எவ்வளவு புகை விடுகிறது, எவ்வளவு தூரம் செல்கிறது என்று அளந்து பார்க்கின்றனர். ஷ்ரோட்டர் 1897-இல் செய்த வேலையின் தொடர்ச்சி அது.

டீசலின் கடலையெண்ணெய்க் கனவும் அடியோடு மறையவில்லை. 2002 டிசம்பர் 31-இல் டெல்லி அமிர்தசரஸ் சதாப்தி விரைவு வண்டி, நூற்றுக்கு 5 பங்கு பயோடீசல் கலந்து சோதனையாக ஓட்டப்பட்டது. அதன்பின் காட்டாமணக்கை நாடெங்கும் பயிரிட எழுந்த ஆர்வம், விளைச்சல் குறைவால் எதிர்பார்த்த பயன் தரவில்லை. விதையும் மண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிடில் எஞ்சின் மட்டும் பொருந்தி ஆவதென்ன?

நம் வீட்டு வண்டியும் டீசலின் பாடமும்

டீசல் எஞ்சின் இல்லாதவருக்கும் இப்பாடம் இன்று வேண்டியதாகிறது. கரும்பு விளையும் இந்நாட்டில் வடிக்கும் எத்தனால் என்னும் சாராயத்தைப் பெட்ரோலிற் கலக்கின்றனர். 2025-இல் நூற்றுக்கு 20 பங்கு என்னும் கலப்பு நாடெங்கும் பரவிற்று. ஒரு கிலோ பெட்ரோல் முழுதும் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே பழைய பெட்ரோலுக்கென்று கார்ப்புரேட்டரைச் சீர்செய்த பழைய வண்டியில் புதிய கலப்பை ஊற்றினால், எரிபொருளுக்குக் காற்று மிகுதியாகிறது. கிளம்பும்போது தடுமாறும், இழுவை குறையும். கார்ப்புரேட்டரின் ஜெட்டையும் பொறி விழும் தருணத்தையும் அறிந்த மெக்கானிக்கிடம் காட்டிச் சீர்செய்துகொள்ள வேண்டும். பழைய ரப்பர்க் குழாய்களையும் எத்தனாலுக்கு ஏற்றவையாக மாற்றிக்கொள்ள வேண்டும். புதிய வண்டிகளிலோ புகைக் குழாயில் உள்ள உணர்கருவி பார்த்துச் சொல்ல, சிறு கம்ப்யூட்டர் எண்ணெயின் அளவைத் தானே கூட்டிக்கொள்கிறது. எனினும் எத்தனாலின் வெப்பம் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கே ஆகையால், செல்லும் தூரம் சிறிது குறைவது இயல்பு. வண்டியையும் பழிக்க வேண்டா. எண்ணெயையும் பழிக்க வேண்டா. முதலில் இரண்டும் பொருந்தியிருக்கின்றனவா என்று பார்த்தல் அறிவுடைமை.

முடிவுரை

டீசல் மேதையாதலால் மட்டும் வென்றாரல்லர். உலகின் முன் தாம் போட்ட கணக்கைச் சிலிண்டர் மறுத்தபோது, சிலிண்டரின் சொல்லைக் கேட்டார். அதனால் எஞ்சின் வாழ்ந்தது. தம் இல்லக் கணக்கு மறுத்தபோது அவ்வாறு கேட்டாரல்லர். உற்றாரிடம் வாய்திறந்து சொன்னாரும் அல்லர். அதனால் அவர் வாழ்வு கடலில் முடிந்தது. இரண்டும் நமக்குப் பாடமே. வெளியூரில் வாழும் நாம் ஒருவர் தொல்லையை ஒருவர் அறியாமல் கதவடைத்துக் கிடத்தல் தகாது. வாய்விட்டுப் பேச ஓர் இடம் வேண்டும் என்பதற்காகவே நம் முன்னோர் சங்கம் கண்டனர்.

தமிழகத்து அரிசியில் வளர்ந்த உடம்பு, புணேக்கு வந்து சோள பாக்ரிக்கும் பழகிற்று. மல்லாட்டையைச் சேங்தாணா என்று கேட்டு வாங்கவும் நா பழகிற்று. பழகியதால் நாம் வேறாகிவிடவில்லை. ருஷ்ய எண்ணெயில் ஓடினாலும், கடலையெண்ணெயில் ஓடினாலும், எஞ்சினின் பெயர் டீசலே அன்றோ! இனி லாரியின் பின்புறத்திலோ எண்ணெய்க் கடையின் பலகையிலோ அப்பெயரைக் காணும்போது, பாரிஸ் வீதியில் கைவண்டி தள்ளிய சிறுவனை அன்பர்கள் ஒரு கணம் நினைப்பாராயின், இக்கட்டுரை எழுதிய பயனை நாம் பெற்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!